"ஸ்வீட் தொடவே இல்லைங்க சார்... புட்டிங் மட்டும்தான்!"

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை. தொற்றா நோய்ப் பிரிவு ஓபி. வரிசை வராண்டாவைத் தாண்டி வெளியே போய்க்கிட்டு இருந்துச்சு.

ஒரு அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாங்க. வயசு 58. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுறேன்.) அஞ்சு வருஷமா சர்க்கரை நோய். மாத்திரையை ஒரு வேளை கூட விடாதவங்க. மத்த நோயாளிகளுக்கு "இவங்களைப் பாருங்க" என்று நான் காட்டுகிற ஆள். மூன்று மாத சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, எப்பவும் 7-ஐ ஒட்டியே இருக்கும்.

அன்னைக்கு 9.8.

மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்து போய் அஞ்சு மாசம் இருந்துட்டு வந்திருக்காங்க. மாத்திரையை எண்ணி எடுத்துட்டுப் போய், எண்ணி முடிச்சிருக்காங்க. அதுல ஒரு குறையும் இல்லை.

"அம்மா, அங்க இனிப்பு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஐயோ, தொடவே இல்லைங்க சார். பேத்தி பொறந்ததுக்குக் கொடுத்த லட்டைக் கூட வாயில வைக்கலை."

"சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்க?"

"டீ. கூட அஞ்சாறு பிஸ்கட். அதுவும் டைஜஸ்டிவ் பிஸ்கட்டுதான் சார், சுகர்காரங்க சாப்பிடுறது."

"ராத்திரி?"

"ரெண்டு சப்பாத்தி. குளிர் ஊரு இல்லையா, சாப்பிட்டு முடிச்சதும் மாப்பிள்ளை சூடா ஏதாவது எடுத்து வைப்பாரு."

"சூடா ஏதாவதுன்னா?"

"அது ஸ்வீட் இல்லைங்க சார். புட்டிங்."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என் மேலேயே கோபமும் வந்துச்சு. அஞ்சு வருஷமா நான் அவங்ககிட்ட கேட்டது ஒரே கேள்வி: "இனிப்பு சாப்பிடுறீங்களா?" அந்தக் கேள்விக்கு அவங்க சொன்ன பதில் அத்தனையும் உண்மை. தப்பு என் கேள்வியில இருந்திருக்கு.

குளிருக்குப் பயந்து நடைப்பயிற்சியும் நின்னு போயிருந்தது. அதுவும் சேர்ந்துதான் 9.8. ஆனா அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து யோசிச்சப்போ, இந்த "பெயர்" விஷயத்தைப் பத்தி எழுதியே ஆகணும்னு தோணுச்சு. வெளிநாட்டுல பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இப்போ நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதலில் அந்தப் புட்டிங்.

நமக்குப் புட்டிங் என்றால் கேரமல் கஸ்டர்ட் மாதிரி ஆடிக்கிட்டு நிற்கிற ஒன்று, இல்லைன்னா பேக்கரியில கிடைக்கிற பிரெட் புட்டிங். அமெரிக்காவில் புட்டிங் என்றால் பாலும் சோளமாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ் மாதிரி ஒன்று, கப்பில் ஊத்தி ஸ்பூன்ல சாப்பிடுவாங்க. பிரிட்டனில் அந்த வார்த்தைக்கு அளவே கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற இனிப்பு எதுவானாலும் அதுக்குப் பொதுப்பெயர் புட்டிங். "இன்னைக்கு புட்டிங் என்ன?" என்று கேட்டால் "ஐஸ்க்ரீம்" என்று கூட பதில் வரும்.

இதோட முடிஞ்சாலும் பரவாயில்லை. அதே ஊர்ல "பிளாக் புட்டிங்" என்று ஒன்று உண்டு. பன்றி ரத்தத்தோட கொழுப்பும் ஓட்ஸ் மாதிரி தானியமும் சேர்த்துச் செய்கிற சாசேஜ் அது. காலை டிபனுக்குச் சாப்பிடுவாங்க. "யார்க்‌ஷயர் புட்டிங்" என்று இன்னொன்று. மைதா, முட்டை, பால் கரைத்து அவனில் வைத்து எடுத்த பணியாரம் மாதிரி. வறுத்த மாட்டிறைச்சியோட, குழம்பு ஊத்திச் சாப்பிடுவாங்க. ரெண்டுலயும் இனிப்பு இல்லை. பெயரை நம்பி ஆர்டர் பண்ணின சைவக்காரர் கதி என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம அம்மா சாப்பிட்டது எந்தப் புட்டிங்? பெயர் தெரியலை. "எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றேன். "பேரீச்சம்பழம் அரைச்சுப் போட்ட கேக்கு சார், மேல பாகு மாதிரி சூடா ஊத்துவாரு" என்றாங்க. அதுக்குப் பெயர் ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சை, மைதா, சர்க்கரை, வெண்ணெய், மேலே வெண்ணெயும் க்ரீமும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சின பாகு. குலாப் ஜாமூனுக்கு அண்ணன்.

லட்டை ஒதுக்கி வெச்சவங்க இதைத் தினமும் சாப்பிட்டிருக்காங்க. ஏன்னா அது "ஸ்வீட்" இல்லை!

அடுத்தது பிஸ்கட். இதுக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா எங்க ஓபியில் லட்டை விட இது பெரிய பிரச்சனை.

பிஸ்கட் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். இரண்டு முறை சுட்டது என்று பொருள். அந்தக் கணக்குல பார்த்தா நம்ம ரஸ்க்தான் நிஜமான பிஸ்கட். பிரிட்டனில் பிஸ்கட் என்றால் நமக்குத் தெரிந்த மொறுமொறு வகை. அமெரிக்காவில் பிஸ்கட் என்றால் மெத்தென்ற, இனிப்பில்லாத சின்ன ரொட்டி. இறைச்சிக் குழம்போட சாப்பிடுவாங்க. நாம பிஸ்கட் என்கிறதை அவங்க குக்கி என்பாங்க. அந்தச் சொல்லை அங்கே கொண்டு போனது டச்சுக்காரர்கள்.

பெயருக்காக வழக்கே நடந்திருக்கு. பிரிட்டனில் "ஜாஃபா கேக்" என்று ஒன்று விற்பாங்க. கையளவு வட்டம், அடியில் ஸ்பாஞ்ச், நடுவில் ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட். பார்த்தா பிஸ்கட், பிஸ்கட் அலமாரியிலதான் இருக்கும். அந்த நாட்டு விதிப்படி கேக்குக்கு வாட் வரி இல்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. வரித்துறை "இது பிஸ்கட்" என்றது, கம்பெனி "இது கேக்" என்றது. 1991-இல் தீர்ப்பாயம் கேக் என்று முடிவு செய்தது. கணக்கில் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திறந்து வெச்சா பிஸ்கட் நமத்துப் போகும், கேக் காய்ஞ்சு இறுகிப் போகும். ஜாஃபா கேக் இறுகிப் போனது. வழக்கில் ஜெயித்தது.

வரித்துறைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். உங்க கணையத்துக்கு? அது சாட்சிக் கூண்டில் ஏறினால் "ரெண்டும் மாவு, ரெண்டும் சர்க்கரை, எனக்கு ஒரே வேலைதான்" என்று சொல்லிட்டு இறங்கிடும்.

இப்போ டைஜஸ்டிவ். அந்தப் பெயர் 19-ஆம் நூற்றாண்டுப் பெயர். அதில் சேர்த்த சமையல் சோடா செரிமானத்துக்கு நல்லது என்று அன்னைக்கு நம்பினாங்க, அப்படியே பெயர் வெச்சுட்டாங்க. சர்க்கரை நோய்க்கும் அந்தப் பெயருக்கும் எந்த உறவும் இல்லை. பிரிட்டனில் கிடைக்கிற சாதாரண டைஜஸ்டிவ் ஒன்றில் ஏறக்குறைய 70 கலோரி, 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலே மாவுச்சத்து. அஞ்சாறு சாப்பிட்டா 50 கிராமைத் தாண்டிடும். நாலு, அஞ்சு இட்லி சாப்பிட்டதுக்குச் சமம். டீக்குத் "துணைக்கு" மட்டும்!

மேரி பிஸ்கட் கதை இன்னும் சுவாரசியமானது.

1874-இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவுக்கும் விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகனுக்கும் கல்யாணம். அதைக் கொண்டாட லண்டனில் பீக் ஃபிரீன்ஸ் என்ற கம்பெனி போட்ட பிஸ்கட்தான் மேரி. கல்யாண பிஸ்கட்! இன்னைக்கு ஸ்பெயினில் "கயேத்தாஸ் மரியா" என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதைப் பாலில் நனைச்சு அடுக்கி, நடுவில் க்ரீமும் சாக்லேட்டும் தடவி டெசர்ட் செய்வாங்க. போர்ச்சுகலில் காப்பியில் நனைச்சு வெண்ணெய் க்ரீமோட அடுக்கிக் கேக் செய்வாங்க. இவ்வளவு தூரம் போக வேண்டாம், இலங்கையில் இருக்கிற நம்ம ஆட்களைக் கேளுங்க. சாக்லேட் பிஸ்கட் புட்டிங் என்று ஒன்று. மேரி பிஸ்கட்டைப் பாலில் முக்கி, வெண்ணெய், ஐசிங் சர்க்கரை, கோகோ கலவையை இடையிடையே பூசி, குளிர வெச்சு எடுப்பாங்க. விருந்தாளி வந்தா வைக்கிற டெசர்ட். (ருசியைப் பத்தி நான் ஒன்றும் சொல்லப் போறதில்லை. கூட தங்கி வேலை பார்த்த நண்பர் வீட்டில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.)

அதே மேரி நம்ம ஊர்ல என்ன? ஆஸ்பத்திரி பெட் பக்கத்துல, ஆரஞ்சுக்கும் பிரெட்டுக்கும் நடுவில உட்கார்ந்திருக்கிற நோயாளி உணவு. காய்ச்சலா, மேரி. வயித்துப்போக்கா, மேரி. சுகரா, மேரி. ஒரு நாட்டில் டெசர்ட்டுக்கு அஸ்திவாரமா இருக்கிறது நம்ம நாட்டில் பத்தியச் சாப்பாடு ஆயிடுச்சு.

பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பொதுவா 100 கிராமில் மாவுச்சத்து 75 கிராமை ஒட்டி இருக்கும், அதில் 20 கிராமுக்கு மேல் நேரடியா சர்க்கரை. முதல் பொருள் மைதா. இனிப்பு கம்மியா நாக்குக்குத் தெரிகிறதே தவிர, பத்தியம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

நான் மேரிக்கு எதிரி இல்லை. டூட்டியில் ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனையோ தடவை என்னைக் காப்பாத்தியது அதுதான். சாப்பிடுங்க. ஆனா அதை இனிப்புக் கணக்கில் எழுதுங்க.

இப்போ அல்வாவுக்கு வருவோம். அல்வா அரபிச் சொல். இனிப்பு என்றுதான் பொருள். அதனால் போன ஊரில் எல்லாம் கிடைச்சதை வெச்சு ஒவ்வொருத்தரும் ஒரு அல்வா கிண்டிட்டாங்க. திருநெல்வேலியில் கோதுமைப் பால், சர்க்கரை, நெய். தூத்துக்குடி மாவட்டம் முதலூரில் மஸ்கோத் அல்வா, அதில் நெய் இல்லை, தேங்காய்ப்பால். இலங்கையில் அதுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒன்று "மஸ்கட்" என்ற பெயரிலேயே கிடைக்கும். ஓமன் நாட்டு மஸ்கட்டுக்குப் போனால் அங்கே ஸ்டார்ச், சர்க்கரை, குங்குமப்பூ, பன்னீர் போட்ட ஓமானி அல்வா. துருக்கியில் எள்ளை அரைச்சுச் சர்க்கரைப் பாகோடு சேர்த்து, உதிர்கிற பதத்துல ஒரு அல்வா. அதே துருக்கியில் மாவை நெய்யில் வறுத்துச் செய்கிற இன்னொரு அல்வா உண்டு. யாராவது இறந்துட்டா துக்க வீட்டில் செய்து பங்கு வைப்பாங்க. ஈரானிலும் அந்த வழக்கம் இருக்கு. நம்ம ஊர்ல அல்வா கொடுத்தா அர்த்தமே வேற!

சிரிச்சுட்டோம். இதில் ஒரு இடம் சிரிக்கிற இடம் இல்லை. எள் ஒவ்வாமை இருக்கிற ஒருத்தர், "அல்வாதானே, கோதுமைதானே" என்று வளைகுடாவிலோ துருக்கியிலோ அந்த எள் அல்வாவை வாயில் போட்டால் நிமிஷக் கணக்கில் உதடு வீங்கி, மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் கீழே போகலாம். இங்கே பெயர்க் குழப்பம் மூன்று மாசம் கழிச்சு லேப் ரிப்போர்ட்டில் வராது. அங்கேயே, அப்பவே வரும்.

கஸ்டர்டும் அப்படித்தான். உண்மையான கஸ்டர்ட் பாலும் முட்டையும். 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர், தன் மனைவிக்கு முட்டை ஒவ்வாமை என்பதால் சோளமாவை வைத்து முட்டையே இல்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். (மனைவிக்காகக் கண்டுபிடிச்சது பெரிய தொழிலாவே ஆயிடுச்சு.) நம்ம கல்யாண வீட்டு ஃப்ரூட் கஸ்டர்ட் அந்தப் பவுடர் வம்சம், பெரும்பாலும் முட்டை இருக்காது. ஹோட்டல் கேரமல் கஸ்டர்டில் முட்டை இருக்கும். ஒரே ஊர், ஒரே சொல், ஒன்றில் முட்டை உண்டு, ஒன்றில் இல்லை. முட்டை ஒத்துக்காத குழந்தையை வைத்திருக்கிற பெற்றோர் பெயரைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. "முட்டை போட்டிருக்கா?" என்று நேரா கேளுங்க. கேட்கிறதுக்குக் கூச்சமே வேண்டாம்.

ஒரே பெயரில் பல பண்டம் இருக்கிற மாதிரி, ஒரே பண்டத்துக்குப் பல பெயரும் இருக்கு. அரிசி, பால், சர்க்கரை. நமக்குப் பால் பாயசம். வடக்கே கீர். அரிசியைக் குருணையா உடைச்சா ஃபிர்னி. துருக்கியில் சூத்லாச். ஸ்பெயினில் அரோஸ் கோன் லெச்சே. பிரிட்டனில் ரைஸ் புட்டிங். "பாயசம் விட்டுட்டேன் டாக்டர், ஹோட்டல் போனா ஃபிர்னி மட்டும்தான்" என்று என்னிடம் ஒருத்தர் சீரியஸா சொல்லியிருக்கார்.

பெயர் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு டேனிஷ் பேஸ்ட்ரிதான் எனக்குப் பிடிச்ச உதாரணம். உலகம் அதை டென்மார்க்கோட பண்டம் என்கிறது. டென்மார்க்கில் அதன் பெயர் "வியன்னா ரொட்டி". சரி, வியன்னாவில் போய்க் கேட்டால் அதை "கோபன்ஹேகன்" பெயர் சொல்லி விற்கிறாங்க. யாரும் பொறுப்பேத்துக்கத் தயாரில்லை!

ஐஸ்க்ரீம் பெயருக்கு அரசாங்கமே காவல் நிற்கிறது. இந்தியாவில் ஐஸ்க்ரீம் என்று எழுதணும்னா அதில் இருக்கிற கொழுப்பு பால் கொழுப்பா இருக்கணும். தாவர எண்ணெய் சேர்த்தா "ஃப்ரோஸன் டெசர்ட்" என்று எழுதணும். அமெரிக்காவிலும் ஐஸ்க்ரீம் என்ற பெயருக்குக் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேணும். பிரிட்டனில் தாவரக் கொழுப்பு போட்டதும் ஐஸ்க்ரீம்தான். பால் கொழுப்பு மட்டும்தான் வேணும்னா "டெய்ரி ஐஸ்க்ரீம்" என்று இருக்கான்னு பார்க்கணும். நல்ல விதிகள்தான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா பெயர் எந்தக் கொழுப்பு என்று சொல்லும். எவ்வளவு சர்க்கரை என்பது பின்பக்கம் பொடி எழுத்தில்தான்.

சரி, என் கருத்துக்கு வர்றேன்.

டாக்டர்கள் நாங்க "இனிப்பைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரியில் சொல்லிட்டு அனுப்புகிறோம். நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கும்போது வேறு வழியில்லை என்று சொல்லித் தப்பிச்சுக்கலாம், ஆனா அது பாதி நேர்மைதான். அந்த ஒரு வரியை நோயாளி தன் வீட்டு அகராதிப்படி புரிஞ்சுக்கிறார். அந்த அகராதியில் இனிப்பு என்றால் லட்டு, ஜாங்கிரி, மைசூர்பாகு, கேசரி. பிஸ்கட், பன், ரஸ்க், சத்துமாவுப் பானம் எல்லாம் "டிபன்". புட்டிங் "புட்டிங்". கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை "மருந்து". (அவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கோபப்படாதீங்க.)

அதனால் நடக்கிறது என்ன தெரியுமா? தீபாவளிக்கு ஒரு லட்டு சாப்பிடுகிறவர் குற்ற உணர்ச்சியோட சாப்பிடுகிறார். அன்னைக்கு ராத்திரி ஒரு தோசையைக் குறைச்சுக்குவார், மறுநாள் அரை மணி நேரம் கூட நடப்பார். இனிப்பு என்று பெயர் இருக்கிற பண்டத்துக்கு நம்ம ஆட்கள் மரியாதை தருவாங்க. பெயர் இல்லாதது தினமும் ரெண்டு வேளை சத்தமில்லாம உள்ளே போகும். என் ஓபி அனுபவத்தில் சுகர் ஏறி வருகிறவர்களில் லட்டு சாப்பிட்டவர்களை விட பிஸ்கட் சாப்பிட்டவர்கள்தான் அதிகம்.

இப்போ நான் கேள்வியை மாத்திட்டேன். "இனிப்பு சாப்பிடுறீங்களா" என்று கேட்கிறதில்லை. "காலையில எழுந்ததிலிருந்து வாயில போட்டதை வரிசையா சொல்லுங்க, தண்ணியைத் தவிர" என்று கேட்கிறேன். தெரியாத பெயர் வந்தால் "அதை எதுல செய்வாங்க?" என்று அடுத்த கேள்வி. ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆகுது. ஆகட்டும்.

நீங்க வெளிநாட்டில் அம்மா அப்பாவை வெச்சிருந்தாலோ, இங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினாலோ, முன்பக்கப் பெயரை விட்டுட்டு பின்பக்க அட்டவணைக்குப் போங்க. சர்க்கரை என்ற வரியோட நிறுத்தாம, மொத்த மாவுச்சத்து என்ற வரியையும் பாருங்க. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டில் முதல் வரி பூஜ்யமா இருந்தாலும் ரெண்டாவது வரியில் மைதா மாட்டிக்கும். "ஒரு பரிமாறல்" என்று போட்டிருந்தால் அது எத்தனை பிஸ்கட் என்று தேடுங்க. அவங்க ரெண்டுக்குக் கணக்குப் போட்டிருப்பாங்க, நீங்க ஆறு சாப்பிட்டிருப்பீங்க. சர்க்கரை 4 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். தனியா சேர்க்கிற சர்க்கரை, தேன், ஜூஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன் அளவில் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அது சர்க்கரை நோய் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், இது நேர் எதிர்ப்பக்கம். மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களுக்குத் திடீர்னு சர்க்கரை 70-க்குக் கீழே போய் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும்போது "ஏதாவது ஸ்வீட் கொடு" என்று வீட்டில் மைசூர்பாகையும் சாக்லேட்டையும் நீட்டுவாங்க. அதில் இருக்கிற நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்குத் தேவை 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை கரைச்ச தண்ணி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா திரும்பக் கொடுங்க. மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

அந்த அம்மாவுக்கு வருவோம். மாத்திரையில் ஒரு சின்ன மாற்றம், நடைப்பயிற்சி, டீக்கு பிஸ்கட்டுக்குப் பதிலா கொஞ்சம் சுண்டல். புட்டிங்கை "சாப்பிடவே கூடாது" என்று நான் சொல்லலை. மாப்பிள்ளை ஆசையா செஞ்சு வைக்கிறதை வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கும் மனசு வராது. வாரத்துக்கு ஒரு நாள், மூன்று ஸ்பூன், அன்னைக்கு ஒரு சப்பாத்தி குறைவு. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாங்க. சாப்பாட்டுக்கு முன் 128. எச்பிஏ1சி பார்க்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. மகள் யாரோ தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து அனுப்பினதாம்.

"ஷார்ட்பிரெட்டாம் சார். பிரெட்டுதான்னு சொன்னா மக. இருந்தாலும் உங்களைக் கேட்டுட்டுப் பிரிக்கலாம்னு கொண்டு வந்தேன்."

டப்பாவைத் திருப்பிப் படிச்சேன். மாவு, வெண்ணெய், சர்க்கரை.

"பிரெட் இல்லைங்கம்மா" என்றேன். ஓபி முடிஞ்சதும் சிஸ்டர்ஸ், லேப், மருந்தகம், எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கிட்டோம். அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தோம்.

(வெளிநாட்டில் இருக்கிற நண்பர்கள், உங்க ஊர்ல பெயரை வைத்து ஏமாத்துகிற பண்டம் எதுன்னு கீழே எழுதுங்க. பெயரோட, அதில் என்ன போடுறாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. ஓபியில் எனக்குப் பயன்படும்.)